அரைச் சொல் போதுமா?

திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் கிழக்கு வாசலில் பட்டினத்தாரையும் மேற்கு வாசலில் பத்திரகிரியாரையும் கண்டு வணங்கிச் செல்வது வழக்கம். இந்த இருவரைப் பற்றியும் அந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு.

அரசைத் துறந்து வந்த பத்திரகிரியார், மேலைக் கோபுர வாசலில் அமர்ந்து பிச்சை ஏற்று, குருவுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதைத் தாம் உண்டு, தம்மைச் சுற்றி வந்த ஒரு நாய்க்கும் போட்டுவந்தார். ஒரு நாள் ஏழை ஒருவர் பட்டினத்தாரிடம் வந்து யாசித்தார். "நானோ ஒன்றுமில்லாத ஆண்டி, மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேளுங்கள்" என்று அனுப்பிவிட்டார் பட்டினத்தார். சொல் பத்திரகிரியாரின் காதுக்கு எட்டியது. கையில் ஓடும் காலடியில் நாயும் இருப்பதால் அல்லவா சம்சாரி ஆனோம் என்று உணர்ந்தவர், அந்த ஓட்டை அக்கணமே வீசியெறிந்தார். அது நாயின் தலையில் பட்டு, நாய் இறந்துபோயிற்று என்பது கதை.

குரு சொன்னது அரைச் சொல். சீடர் பிடித்துக்கொண்டதோ முழுப் பொருள். ஞான மார்க்கத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த அரைச் சொல்லுக்கே ஒரு வாயில்லாப் பிராணி பலியாயிற்று என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஞானத்துக்குப் போதுமான அரைச் சொல், பத்துப் பேர் கூடிச் செய்யும் வேலைக்கும் போதுமா? போதாது என்பதற்குச் சாட்சி தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. அதே ஊர் வழியாக ஓடும் தண்டவாளத்தைக் கேட்டாலே போதும்.

ஒரே பாதை, இரண்டு வண்டிகள்

கும்பகோணத்திலிருந்து திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் வழியாக மயிலாடுதுறைக்குப் போகும் ரயில் பாதை ஒற்றைப் பாதை. போகிற வண்டிக்கும் அதுதான். வருகிற வண்டிக்கும் அதுதான். இரண்டும் ஒன்றையொன்று கடக்க வேண்டுமானால், இடையில் ஒரு ஸ்டேஷனில் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். எது நிற்பது, எது போவது என்பதை இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவரோடொருவர் கலந்து தீர்மானித்தாக வேண்டும். அந்தப் பேச்சில் ஒரு சொல் பிசகினால் என்ன ஆகும்?

2019 மே மாதம் 9-ந் தேதி மதுரைக்குத் தெற்கே அப்படித்தான் பிசகிற்று. மதுரையிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பாசஞ்சர் வண்டியும், செங்கோட்டையிலிருந்து மதுரைக்கு வரும் பாசஞ்சர் வண்டியும், திருமங்கலத்துக்கும் கள்ளிக்குடிக்கும் இடையே ஒரே பாதையில் எதிரெதிராக அனுப்பப்பட்டுவிட்டன. நல்லவேளையாகத் தவறு உரிய நேரத்தில் தெரிந்து, வண்டிகள் நிறுத்தப்பட்டன. எவர் உயிருக்கும் சேதமில்லை. இரண்டு ஸ்டேஷன்களின் மாஸ்டர்களும் கண்ட்ரோலர் ஒருவரும் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

காரணம் என்ன? ஒருவர் தமிழ் அறிந்தவர். மற்றவர் வடக்கேயிருந்து வந்த இந்திக்காரர். ஒருவர் சொன்னது மற்றவருக்குச் சரியாக விளங்கவில்லை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அடுத்த மாதமே, கண்ட்ரோல் அறையும் ஸ்டேஷன் மாஸ்டர்களும் தங்களுக்குள் இங்கிலீஷிலோ இந்தியிலோதான் பேச வேண்டும், பிராந்திய மொழியைத் தவிர்க்க வேண்டும் என்று தெற்கு ரயில்வேயிலிருந்து ஒரு சுற்றறிக்கை கிளம்பியது. தமிழ்நாட்டில் ரயில் ஓட்டத் தமிழுக்குத் தடையா என்று பலத்த கண்டனம் எழுந்தது. ஜூன் 14-ந் தேதி அந்த உத்தரவு வாபஸ் பெறப்பட்டது. பேசுகிற இருவரும் ஒருவரையொருவர் ஐயமறப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே முக்கியம் என்று விஷயம் திருத்திச் சொல்லப்பட்டது.

இந்தத் திருத்தத்தில்தான் உண்மை இருக்கிறது. எந்த மொழி என்பது இரண்டாவது கேள்வி. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்பதே முதல் கேள்வி. ஒரே தாய்மொழி பேசும் அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே சொன்னது ஒன்றும் கேட்டது ஒன்றுமாகப் போவதை நாம் தினமும் பார்க்கவில்லையா?

மதுரைப் பக்கத்தில் தப்பிய அபாயம் பஞ்சாபில் தப்பவில்லை. 2004 டிசம்பர் 14-ந் தேதி முக்கேரியான் அருகே ஓர் எக்ஸ்பிரஸ் வண்டியும் ஒரு பாசஞ்சர் வண்டியும் ஒற்றைப் பாதையில் நேருக்கு நேர் மோதின. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த தவறே அதற்கும் காரணமாகச் சொல்லப்பட்டது.

இரும்புப் பந்தும் இரகசிய எண்ணும்

சொல் பிசகும் என்பது ரயில்வேக்காரர்களுக்குப் புதிய சங்கதி அல்ல. ஆகவேதான் மனிதருடைய ஞாபகத்தையும் காதையும் மட்டும் நம்பாமல், அவர்கள் பல காவல்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

என்ஜின் டிரைவர் ஓடும் வண்டியிலிருந்து கையை நீட்டிப் பெரிய பிரம்பு வளையம் ஒன்றை வாங்கிக்கொள்வதைப் பழைய தலைமுறையினர் பார்த்திருப்பார்கள். அந்த வளையத்தோடு இணைந்த பையில் ஓர் இரும்புப் பந்து இருக்கும். அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களிலும் இதற்காக இரண்டு பெட்டிகள் உண்டு. ஒரு பெட்டியிலிருந்து பந்து வெளியே வந்துவிட்டால், அது மறுபடி ஏதாவது ஒரு பெட்டிக்குள் போய்ச் சேரும் வரையில் இரண்டு பெட்டிகளிலிருந்தும் வேறு பந்து வராது. பந்து கையில் இல்லாத டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. அந்தப் பந்து பேசாது; ஆனால் அதைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடிய வாய் எதுவும் இல்லை. இன்று பெரும்பாலான பாதைகளில் அந்த வேலையை மின்சாரக் கருவிகள் ஏற்றுக்கொண்டுவிட்டன.

கருவிகள் பழுதானால் என்ன செய்வது? அப்போது டெலிபோனும் காகிதமும்தான் துணை. அங்கேதான் 'பிரைவேட் நம்பர்' என்ற அருமையான ஏற்பாடு வருகிறது. ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரிடமும் எண்கள் அச்சிட்ட தாள் ஒன்று இருக்கும். எண்கள் வரிசையாக இரா, தாறுமாறாகக் கலந்திருக்கும். "வண்டியை அனுப்பலாம்" என்று ஒப்புதல் கொடுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர், தம் தாளில் அடுத்ததாக உள்ள எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதும் அதை அடித்துவிட்டு, எந்த வண்டிக்காக, எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று குறிக்க வேண்டும். கேட்டவரும் அதே எண்ணைத் தம் புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். லெவல் கிராசிங் காவலாளிகளுடனும் இதேபோல் எண் மாற்றிக்கொள்வது உண்டு.

இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். "அவர் சரியென்றுதான் சொல்லியிருப்பார்" என்று நாமாக நினைத்துக்கொள்ள இதில் இடமில்லை. அவர் சொல்லாமல் அந்த எண் நமக்குத் தெரிய வழியே கிடையாது. எண் இருந்தால் ஒப்புதல் உண்டு; எண் இல்லாவிட்டால் இல்லை. நடுவிலே மூன்றாவது நிலை ஒன்று இல்லை.

பாதையில் எங்கேனும் மெதுவாகப் போக வேண்டியிருந்தால், அந்த எச்சரிக்கையும் எழுத்திலேயே கொடுக்கப்படுகிறது. டிரைவரும் கார்டும் படித்துக் கையெழுத்திட வேண்டும். வண்டி ஓடும்போதோ, சிக்னல் தெரிந்தவுடன் டிரைவரும் உதவி டிரைவரும் அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்கிறார்கள். ஜப்பானில் இதற்கு ஒரு படி மேலே போய், சிக்னலை விரலால் சுட்டிக் காட்டி வாயாலும் சொல்கிறார்கள். 1990-களில் அந்நாட்டு ரயில்வே ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஒரு சோதனையில், சும்மா பார்த்துச் செய்தபோது நூற்றுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிக் காட்டிச் சொல்லிச் செய்தபோது 0.38 ஆகக் குறைந்ததாம்.

"சரிங்க" என்றால் என்ன?

ரயில் ஓட்டுகிறவர்களுக்கு இதெல்லாம் சரி. தறிக்கூடத்திலும் அரிசி ஆலையிலும் தாலுகா கச்சேரியிலும் வேலை செய்கிறவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். அங்கே உயிர் போகாதுதான். ஆனால் பணம் போகும், நேரம் போகும், நல்ல பெயர் போகும். சில சமயம் வேலையே போய்விடும்.

நம் வேலைத் தலங்களில் அதிகமாகப் புழங்கும் சொல் "சரிங்க" என்பது. மேலதிகாரி ஒன்று சொல்கிறார். கீழே இருப்பவர் "சரிங்க" என்கிறார். அதற்கு என்ன பொருள்? நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதா? விளங்கியது என்பதா? செய்துவிடுகிறேன் என்பதா? அல்லது, பேச்சை முடித்துக்கொள்ளலாம் என்பதா? நான்குக்கும் அந்த ஒரே சொல்தான். சொன்னவர் கடைசிப் பொருளைத் தவிர மற்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுகிறார். மறுநாள் காலையில்தான் சண்டை.

திருபுவனம் பட்டுக்குப் பேர் போன ஊர். திருவிடைமருதூருக்கு அண்டை ஊர். அங்கே ஒரு முகூர்த்தப் புடவைக்கு, "கொஞ்சம் அகலமான கரை, அரக்குச் சிவப்பு" என்று வாயால் சொல்லி அனுப்பினால், 'கொஞ்சம்' என்பது எத்தனை அங்குலம் என்று நெய்கிறவருக்கு எப்படித் தெரியும்? அரக்கு என்பது ஒருவர் கண்ணுக்கு ஒன்று. இன்னொருவர் கண்ணுக்கு வேறொன்று. ஒரு துண்டுத் துணியோ, ஒரு நூல் இழையோ மாதிரியாக இருந்துவிட்டால் வாதமே இல்லை. பாவு தறியில் ஏறிய பிறகு, "நான் சொன்னது இது இல்லையே" என்று சொல்லி என்ன பயன்?

"ஆமாம்", "இல்லை" என்ற சொற்களிலும் ஒரு வழுக்கல் உண்டு. "லாரி இன்னும் புறப்படவில்லையா?" என்று டெலிபோனில் ஒருவர் கேட்கிறார். "ஆமாம்" என்று பதில் வருகிறது. ஆமாம், புறப்படவில்லை என்பதா? ஆமாம், புறப்பட்டுவிட்டது என்பதா? "இல்லை" என்று பதில் வந்தாலும் இதே குழப்பம்தான். கேள்வியில் 'இல்லை' இருந்தால் பதிலிலும் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "லாரி புறப்பட்டுவிட்டதா? எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் அந்தத் தொல்லை கிடையாது.

இடைமருதும் புடைமருதும்

ஊர்ப் பெயரே ஆளைச் சுற்றவைத்துவிடும். திருவிடைமருதூர் தஞ்சை ஜில்லாவில் இருக்கிறது. திருநெல்வேலி ஜில்லாவில் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் என்று ஓர் ஊர் உண்டு. இரண்டிலும் மருத மரமே தல விருட்சம். இரண்டும் புகழ்பெற்ற சிவத்தலங்கள். இரைச்சலான கடைவீதியில் நின்றுகொண்டு டெலிபோனில் "இடைமருதூர்" என்பதை "புடைமருதூர்" என்று கேட்டுக்கொண்டால், காவேரிக் கரைக்கு வர வேண்டிய மூட்டை தாமிரபரணிக் கரைக்குப் போய் இறங்கும். இப்படிப்பட்ட சங்கடங்களுக்காகத்தான் தபால் இலாகா 1972-ல் ஆறு இலக்கப் பின்கோடு முறையைக் கொண்டுவந்தது. பெயரில் பிசகினாலும் எண் காப்பாற்றும்.

எண்ணிலே பிசகினால்? அதற்கு எழுத்து காவல். பாங்குச் செக்கில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்வது இதற்காகவே. இரண்டும் மாறுபட்டிருந்தால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881-ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. "அறுபது", "எழுபது" என்பவை டெலிபோனில் ஒன்றுபோலவே கேட்கும். "ஆறு, பூஜ்யம்" என்று பிரித்துச் சொன்னால் தீர்ந்தது.

அளவுகளிலும் இதே கதைதான். தஞ்சைக் குடியானவர் இன்றும் நிலத்தை மாவிலும் வேலியிலும் பேசுவார். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். கச்சேரிக் கணக்கிலோ ஹெக்டேர். "மூன்றுக்கு உரம் வேண்டும்" என்று சொன்னால் அது மூன்று மாவா, மூன்று ஏக்கரா, மூன்று ஹெக்டேரா? முதலுக்கும் கடைசிக்கும் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம்!

படிப்பில்லாதவர்கள்தான் இப்படித் தடுமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். அமெரிக்கா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய ஒரு விண்கலம் 1999 செப்டம்பர் 23-ந் தேதி அழிந்துபோயிற்று. அதைத் தயாரித்த கம்பெனியின் கணக்கு பவுண்டில் வந்தது. வாங்கிக்கொண்ட விண்வெளி நிலையம் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. எண் சரியாகவே போய்ச் சேர்ந்தது. அது எந்த அளவில் என்பதுதான் போய்ச் சேரவில்லை.

சின்னவர் பேசலாமா?

உலக விமானச் சரித்திரத்திலேயே அதிக உயிர்களைப் பலி வாங்கிய ஓடுபாதை மோதல் 1977 மார்ச் 27-ந் தேதி டெனரீப் தீவில் நிகழ்ந்தது. மூடுபனியில் ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள். டச்சு விமானத்தின் உதவி விமானி ரேடியோவில் சொன்ன வாக்கியத்தை, புறப்படத் தயாராக நிற்கிறார்கள் என்று கோபுரத்தில் இருந்தவர் எடுத்துக்கொண்டார். அவர்களோ புறப்பட்டே விட்டிருந்தார்கள். "பொறுங்கள்" என்று கோபுரத்திலிருந்து வந்த சொல், அதே சமயத்தில் மற்ற விமானம் பேசிய ஒலியோடு மோதி இரைச்சலாய்ப் போயிற்று. 583 பேர் மாண்டார்கள்.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு கட்டம் உண்டு. எதிரே உள்ள விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று டச்சு விமானத்தின் இன்ஜினீயருக்குச் சந்தேகம் வந்தது. அவர் கேட்கவும் கேட்டார். அனுபவம் மிகுந்த தலைமை விமானி, விலகியாயிற்று என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயடைத்துப் போவது நமக்கும் புதிதல்ல. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வரும் யோசனையானாலும், ஆலை முதலாளியின் உத்தரவானாலும், "ஐயா, இந்த இடம் எனக்கு விளங்கவில்லை" என்று கேட்பதை மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். உண்மையில் விளங்காமல் தலையாட்டுவதுதான் மரியாதைக் குறைவு. கேட்கவிடாமல் முறைக்கும் மேலதிகாரியோ, தமக்கே குழி வெட்டிக்கொள்கிறார். டெனரீப் விபத்துக்குப் பிறகு விமானக் கம்பெனிகள், சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வதும் அதைக் காதுகொடுத்துக் கேட்பதும் எப்படி என்று தலைமை விமானிகளுக்கும் உதவியாளர்களுக்கும் சேர்த்தே பயிற்சி கொடுக்கத் தொடங்கின. புறப்படுதல் என்ற சொல்லை, அதற்கு அனுமதி தரும்போதும் தந்ததை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் உபயோகிக்கக் கூடாது என்றும் விதி வகுத்தார்கள்.

ஒரு விரல் அசைவு

இவ்வளவையும் கேட்டு, இனி எதற்கும் பக்கம் பக்கமாக எழுத வேண்டும் போலிருக்கிறது என்று பயப்பட வேண்டாம். தெளிவு வேறு, நீளம் வேறு. நாகஸ்வர மேதை வீருசாமிப் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் திருவிடைமருதூர். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் கவனித்தால் இது விளங்கும். தாலி கட்டும் சமயத்தில் சாஸ்திரிகளோ வீட்டுப் பெரியவரோ கையை உயர்த்தி விரலை அசைக்கிறார். அடுத்த கணம் கெட்டி மேளம் முழங்குகிறது. நூறு பேர் பேசும் இரைச்சலில் ஒரு சொல்கூட இல்லாமல் செய்தி போய்விட்டது!

எப்படிப் போயிற்று? அந்தச் சைகைக்கு ஒரே பொருள்தான் என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். தவுல்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். செய்தி கிடைத்தது என்பதற்கு அவர் மேளமே அத்தாட்சி. பொருள் ஒன்று, கவனம் ஒன்று, பதில் ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் ஒரு விரலே போதும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பத்துப் பக்கக் கடிதம் எழுதியும் பிரயோசனம் இல்லை.

இன்று எல்லாக் காரியாலயங்களிலும் வாட்ஸ்அப் குழுக்கள் வந்துவிட்டன. "நாளைக்கு யாராவது பாங்குக்குப் போய் வந்துவிடுங்கள்" என்று ஒரு செய்தி விழுகிறது. பன்னிரண்டு பேர் பார்த்துக் கட்டைவிரல் படத்தைப் போடுகிறார்கள். மறுநாள் ஒருவரும் போவதில்லை. மற்றவர் போவார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் சொன்னது ஒருவருக்கும் சொல்லாததற்குச் சமம். இன்னார், இன்ன வேலை, இத்தனை மணிக்குள் என்று எழுதி, அந்த இன்னாரிடமிருந்து "நான் பதினோரு மணிக்குள் போய்க் கட்டிவிடுகிறேன்" என்ற பதிலையும் வாங்கிவிட்டால், அது ஸ்டேஷன் மாஸ்டர் வாங்கும் பிரைவேட் நம்பருக்கு ஒப்பாகும்.

புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் இதில் பெரிய பாடம் எதுவும் இல்லை. மூன்று பழக்கங்கள் போதும். கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. எண், நாள், அளவு மூன்றையும் எழுதிக்கொள்வது. விளங்காததை அப்போதே கேட்டுவிடுவது. மேலதிகாரிக்கோ ஒரே பழக்கம் போதும். "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டு, "என்ன செய்யப் போகிறாய், சொல்லு பார்க்கலாம்" என்று அமைதியாகக் கேட்பது. முதல் கேள்விக்கு "சரிங்க" என்றுதான் பதில் வரும். இரண்டாவது கேள்விக்குத்தான் உண்மை வரும்.

இராத்திரி நேரத்தில் திருவிடைமருதூரைக் கடந்து வண்டிகள் போகின்றன. பிரயாணிகள் ஜன்னலைச் சாத்திவிட்டு அயர்ந்து தூங்குகிறார்கள். அந்தத் தூக்கத்துக்குக் காவல், எங்கோ விளக்கடியில் உட்கார்ந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லி, எழுதி, மணியும் குறித்துக்கொள்ளும் இரண்டு பேர். கோயில் வாசலில் அரைச் சொல்லில் குருவும் சீடரும் பேசிக்கொண்டது அவர்களுக்குத் தகும். நம்மைப் போன்றவர்களுக்கு முழுச் சொல்லே துணை.